மகேந்திரனால் எல்லாம் முடியும்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வெல்ஃபேர் ஆபீசிலிருந்து ஆள் வரப்போகிறது என்று நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன். அந்த ஒருவர் அழகு அண்ணன். அதற்குப் பதிலாகக் கோவில் ஒலிபெருக்கியில் சொல்லியிருந்தால் இவ்வளவு பேருக்குத் தெரிந்திருக்காது.

ஈப்போவுக்குப் பக்கத்தில், சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, கல் உடைக்கிற மலைக்குப் பக்கத்தில் எங்கள் வரிசை. மொத்தம் இருபத்து நாலு வீடு. முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம். தோட்டத்தை விற்றுச் செம்பனை போட்டார்கள், பிறகு அதையும் விற்றார்கள், கடைசியில் லயத்து வரிசைக் குடிசைகளில் இருந்த ஆட்களுக்கு இந்த மலிவு வீடுகளைக் கொடுத்துக் கைகழுவிக்கொண்டார்கள். லயத்தை இடித்து முப்பது வருஷம் ஆகிறது. ஆனால் அழகு அண்ணனுக்குள் அது இன்னும் இடியவில்லை. அவர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். எழுபத்து நாலு வயதிலும் காலையில் வாசலில் நின்று வரிசையை ஒரு பார்வை பார்க்காமல் கோப்பி குடிக்க மாட்டார்.

"கெபாஜிக்கான் ஆளா? வீடு பாக்கவா வாராங்க?" என்றார். கண் பளபளத்தது. "அப்ப இன்ஸ்பெக்‌ஷன்னு சொல்லு லா!"

நான் எதற்கு மனுப் போட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் மகேந்திரன் ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே தண்டுவடத்தில் அடி. நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கை ரெண்டையும் தூக்க வரும், விரல் மடங்காது. வாய்க்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. லோரி ஓட்டுகிற வேலையில் அடிபட்டிருந்தாலாவது வேலை விபத்து என்று ஏதாவது கிடைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பக்கத்து வீட்டு மரத்தில், "நான் ஏறுறேன் பாரு" என்று ஐம்பத்து மூன்று வயதில் ஏறி விழுந்தவருக்கு யார் என்ன கொடுப்பார்கள்? அந்தப் பக்கத்து வீடு அழகு அண்ணனுடையது. மரத்தை மறுநாளே வேரோடு வெட்டிப் போட்டுவிட்டார் மனுஷன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பல்ப் எரியவில்லை என்றாலும் அவர்தான் ஓடி வருவார்.

படுத்த படுக்கையாக இருக்கிறவரை வீட்டிலேயே வைத்துப் பார்க்கிறவருக்கு அரசாங்கம் மாதாமாதம் ஓர் உதவித் தொகை தருகிறது. அது கிடைத்தால் அவருக்குக் கட்டுகிற பெம்பஸ் செலவு போக மீதியில் காலையில் நாலு மணி நேரம் ஓர் ஆளை வைக்கலாம். நான் மறுபடியும் பள்ளிக்கூடக் கேன்டீனுக்கு மீ, அதுதான் நூடுல்ஸ், பிரட்டப் போகலாம். அங்கே ஒன்றும் பெரிய சம்பளம் இல்லை. ஆனால் நாலு மணி நேரம் வேறு முகங்களைப் பார்க்கலாமே! ரெண்டு வருஷமாக நான் பார்க்கிற முகம் ஒன்றே ஒன்று. நல்ல முகம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் ரெண்டு வருஷம்.

அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு உயிர் மாதிரி. அதை அழகு அண்ணன் கையில் எடுத்துக்கொண்டார்.

தோட்டத்தில் தொரை லயம் பார்க்க வருகிற நாள் எப்படி இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முந்தின நாளே சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வீட்டு முன்னால் ஓடும் லோங்காங்கில் ஓர் இலை மிதக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகளாக இருந்த எங்களுக்கெல்லாம் எண்ணெய் வழியத் தலை வாரி, வாசலில் வரிசையாக நிறுத்துவார்கள். சுத்தமாக இருக்கிற வீட்டுக்குத்தான் கூரை மாறும், குழாய் வரும். குப்பையாக இருக்கிற வீட்டுக்காரன் தொரையிடம் திட்டு வாங்குவான். அழகு அண்ணனின் கணக்கு இதுதான்.

"ஆபீசர் மனசு குளிரணும் மங்களம். உள்ள வந்ததும் 'அடடா, நல்ல குடும்பம்டா, இவங்களுக்குக் கொடுக்கலாம்'னு தோணணும். அழுது வடிஞ்ச வீட்டு மனுவுக்கு எவன் கையெழுத்துப் போட்டுச் சாப் அடிப்பான்?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இப்போது நான் பொய் சொல்ல வேண்டியதில்லை. யாரோ ஒரு பெரிய மனிதர் வந்து என் மூத்திர வாடை அடிக்கிற வீட்டைப் பார்க்கப் போகிறார் என்ற நினைப்பே என்னைக் கூசவைத்தது.

திங்கட்கிழமை காலையிலேயே திருவிழா ஆரம்பித்துவிட்டது. கோவிலுக்கு வாங்கி மிஞ்சிய பச்சைப் பெயின்டோடு அழகு அண்ணன் வந்தார். முன்னறை மத்தியானத்துக்குள் கிளிப்பச்சை ஆகிவிட்டது. மூலை வீட்டு ஷம்சாத் அக்கா சோபா அனுப்பினார். அவர்கள் சந்தியில் நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறவர்கள். கடை வேன் கூரையில் கட்டி, கடைப் பையன்கள் நாலு பேர் பிடிக்க, மூன்று பேர் உட்காரக்கூடிய லெதர் சோபா ராஜா மாதிரி வந்து இறங்கியது.

"கல்யாணத்துக்கு வாங்குன சோபா, பாத்து லா!" என்று ஷம்சாத் அக்கா பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தார். "ஆபீசர் எங்க உக்காருவாங்க? ஒங்க வீட்டுப் பிளாஸ்டிக் நாக்காலிலயா? மானம் போயிடும்!"

அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. சோபா கொடுத்த வீட்டுக்குச் சளைத்தவர்களா நாங்கள் என்று ஒரு வீட்டிலிருந்து ரெண்டு கதவு ஃபிரிட்ஜ் வந்தது. அதை வைக்க இடமில்லாமல் பின்கதவை அடைத்து வைத்தார்கள். சுவர் அகலத்துக்கு ஒரு டிவி வந்தது. ஜரிகை போட்ட திரைச்சீலை வந்தது. கடைசியாக ஒருவர் மீன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை, கேட்கிற தெம்பு இல்லை. மீன் மட்டும் ஏழு.

இவ்வளவுக்கும் நடுவில் எங்கள் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்துக்கொண்டு, "டிவிய கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கலா" என்று வேலை வாங்கிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவருக்கு வேறு ஆசை வந்துவிட்டது. "வாரவங்கள நான் படுத்துக்கிட்டா பாக்குறது? உக்கார வைங்க." அழகு அண்ணனுக்கும் அதுதான் சரி. தொரைக்கு முன்னால் எவனாவது படுத்திருப்பானா? மீசைக்கு மை பூசினோம். வெள்ளைச் சட்டை போட்டோம். உயர்ந்த முதுகு வைத்த மர நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து, நெஞ்சோடு சேர்த்து ஒரு கைலிச் சாரத்தால் கட்டி, கட்டு தெரியாமல் சட்டையை மேலே இழுத்துவிட்டார் அழகு அண்ணன். அரை மணி நேரம் அப்படி உட்காருவார். அதற்கு மேல் போனால் தலை சுற்றும். தூரத்திலிருந்து பார்த்தால் தேர்தலில் நிற்கப்போகிறவர் மாதிரி இருந்தார்.

பத்து மணிக்கு ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. முக்காடு போட்ட ஓர் இளம் பெண் ஃபைலோடு இறங்கினாள். முப்பது வயது இருக்கும். அழகு அண்ணன் காக்கிச் சட்டையில் விறைத்து நின்று, "செலாமாட் பாகி, பூவான்!" என்று மலாயில் வணக்கம் சொல்லிச் சல்யூட் அடித்தார்.

"வணக்கம்ணே. தமிழ்லயே பேசலாம்," என்று அந்தப் பிள்ளை சிரித்தது. "எனக்கு ஊரு பாகான் செராய். பேரு இஃபத்."

உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பச்சைச் சுவரைப் பார்த்தாள். சோபா, டிவி, ஃபிரிட்ஜ், மீன். ஃபைலைத் திறந்து விலாசத்தை மறுபடியும் பார்த்தாள்.

"மகேந்திரன் வீடுதானே?"

"நான்தான் மகேந்திரன்," என்றார் எங்கள் வீட்டுக்காரர், மை மீசைக்குக் கீழே பல்லெல்லாம் தெரிய.

இஃபத் சோபாவில் உட்கார்ந்தாள், அது அவளை இடுப்புவரை விழுங்கியது. "படுத்த படுக்கைன்னு டாக்டர் எழுதியிருக்காரு..." என்று இழுத்தாள்.

"அவ்வளவு நல்லாப் பாத்துக்கிறாங்க பூவான்!" என்றார் அழகு அண்ணன் பெருமையாக.

அவள் ஃபாரத்தை விரித்து எழுத ஆரம்பித்தாள். எழுதும்போது வாய் முணுமுணுத்தது. "ஃபிரிட்ஜ், ரெண்டு கதவு... டிவி, பெருசு... லெதர் சோபா..." மீன் தொட்டியிடம் வந்து பேனா கொஞ்சம் தயங்கியது. பிறகு அதையும் எழுதினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் நல்ல குடும்பம் என்று எழுதவில்லை. வசதியான குடும்பம் என்று எழுதுகிறாள்! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்துவிட்டது. ரெண்டு நாளாக இந்த வரிசையே கூடி, வியர்வை சிந்தி, என் மனுவுக்குக் குழி வெட்டியிருக்கிறது. நானும் கூடவே நின்று மண் அள்ளிப் போட்டிருக்கிறேன்.

"அக்கா, வருமானம் தோசை மாவு வித்து வாரதுன்னு போட்டிருக்கீங்க," என்றாள் இஃபத். "மாவு வித்தா இதெல்லாம்?"

"அது எங்களுது இல்லம்மா!"

"எது இல்ல?"

"எதுவுமே இல்ல!"

சமையலறை ஜன்னல் வழியாக ஷம்சாத் அக்காவின் தலை முளைத்தது. பின்கதவைத்தான் ஃபிரிட்ஜ் அடைத்துக்கொண்டிருந்ததே. "சோபா என்னோடது! வலது கைப்பிடியில சிகரெட்டு சுட்ட தழும்பு இருக்கும், தொட்டுப் பாருங்க!" அவருக்குப் பின்னாலிருந்து வேறு குரல்கள். டிவி என்னோடது, திரைச்சீலை என் மருமகளோடது, மீனுக்கு இன்னும் தீனி போடவில்லை. பாதி வரிசை எங்கள் பின்பக்கத்தில் ஒளிந்து நின்றுகொண்டிருந்திருக்கிறது.

இஃபத் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா, கோபத்தையா என்று எனக்குத் தெரியவில்லை. "நான் உள்ளத உள்ளபடி பாக்கணும்க்கா. இப்படி இருந்தா என்னன்னு எழுதுறது?"

அழகு அண்ணனின் முகம் தொங்கிப்போயிருந்தது. ஆனால் கட்டளை என்று ஒன்று வந்துவிட்டால் அவருக்கு இருபது வயது குறைந்துவிடும். வாசலுக்குப் போய், தோட்டத்தில் காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற அதே குரலில் கத்தினார். "எல்லாம் வா! அவங்கவங்க சாமான அவங்கவங்க தூக்கு! சிப்பாட், சீக்கிரம்!"

பத்து நிமிஷம். நான் வாழ்நாளில் அப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லை. கடைப் பையன்கள் வந்த வேகத்தில் சோபாவின் ஒரு முனையைத் தூக்கிவிட்டார்கள். இஃபத் ஃபைலோடு மறு முனைக்குச் சறுக்கினாள். "பூவான் எறங்கலடா!" என்று ஷம்சாத் அக்கா அலறினார். டிவி போனது, ஃபிரிட்ஜ் போனது, மீன் தொட்டி போகிற வழியெல்லாம் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனது. ஒரு மீன் தரையில் துள்ளியது. அரசாங்க அதிகாரி ரெண்டு கையாலும் அதைப் பிடித்து எடுத்து என்னிடம் கொடுத்தாள். அவசரத்தில் யாரோ எங்கள் சொந்த மேசை ஃபேனையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அது சாயங்காலம்தான் வீடு திரும்பியது.

கடைசியில் மிஞ்சியது எங்கள் வீடு. செங்கல் முட்டுக் கொடுத்த கட்டில், மாவு அரைக்கிற கிரைண்டர், மூலையில் அடுக்கிய பெம்பஸ் கட்டு, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. இஃபத் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எழுதிய பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டுப் புதுப் பக்கம் எடுத்தாள். "இப்ப சரி," என்றாள்.

தப்பித்தோம் என்று நான் மூச்சு விட்டேன். ஆனால் அகற்ற முடியாத சாமான் ஒன்று அறை நடுவில், சாரத்தில் கட்டுண்டு, மீசை முறுக்காத குறையாக உட்கார்ந்திருந்தது.

"அண்ணே, சில கேள்வி கேக்குறேன். சோறு நீங்களாவே சாப்பிட முடியுமா?"

"முடியும்," என்றார்.

நான் திடுக்கிட்டேன். காலையில்தான் இட்லியைப் பிட்டுப் பிட்டு ஊட்டியிருந்தேன்.

"குளிக்க?"

"முடியும்."

"படுக்கையில நீங்களாவே பொரண்டு படுக்க?"

"முடியும் லா, இது என்ன பெரிய விஷயம்."

நான் நாற்காலிக்குப் பின்னால் போய் அவர் தொடையை நறுக்கென்று கிள்ளினேன். கிள்ளிய பிறகுதான் ஞாபகம் வந்தது, அவருக்குத் தொடையில் உணர்ச்சியே கிடையாது என்று. காதைக் கிள்ளுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"கக்கூசுக்கு?"

அவர் கூரையைப் பார்த்தார். ஜன்னலில் ஷம்சாத் அக்கா. வாசலில் அழகு அண்ணன். வேலிக்கு வெளியே பாதி வரிசை. சித்தியவானுக்கும் ஈப்போவுக்கும் ராப்பகலாக லோரி ஓட்டின மனுஷன் அவர். சந்தியில் இறங்கினால் பத்துப் பேருக்குத் தே தாரேக் வாங்கிக் கொடுக்காமல் நகர மாட்டார்.

"முடியும்," என்றார். குரல் மட்டும் கொஞ்சம் சின்னதாக வந்தது.

எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருந்தது, கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது. கேன்டீன் என் கண் முன்னாலேயே ஒவ்வொரு 'முடியும்'க்கும் ஓர் அடி தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

இஃபத் பேனாவை வைத்தாள். "அண்ணே, டாக்டர் கடிதம் ஒண்ணு சொல்லுது, நீங்க ஒண்ணு சொல்றீங்க. எல்லாம் முடியும்னா தகுதி இல்லன்னுதான் நான் எழுதணும்."

"எழுதுங்க," என்றார் பிடிவாதமாக.

பிறகு அவள் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் பார்த்தாள். "இது பாத்துக்கிறவங்க பக்கம். மங்களம், வயசு ஐம்பது. அக்கா, நீங்க நாள் முழுக்க என்ன செய்றீங்க?"

இந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. கோபத்தில் மூளை வேறு வேலை செய்யவில்லை. நாக்கில் வந்தது வழக்கமாக வருவதுதான்.

"நானா? நான் சும்மாதான்மா வீட்ல இருக்கேன்."

இஃபத் குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

"என்னது?"

நாற்காலி கிறீச்சிட்டது. அவர் முகம் சிவந்திருந்தது. "சும்மாவா? யாரு சும்மா இருக்கா? எழுதாதீங்க அத! அடிங்க மொதல்ல!"

"அவங்கதானே சொன்னாங்க..." என்றாள் இஃபத்.

"அவளுக்கு என்ன தெரியும்! நான் சொல்றேன், எழுதுங்க. காலைல நாலரைக்கு எந்திரிக்கிறா. அதுக்கு முன்னால ராத்திரி பன்னெண்டுக்கு ஒரு தடவ, ரெண்டு மணிக்கு ஒரு தடவ என்னைப் பொரட்டி விடுறா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ பொரட்டணும், இல்லன்னா முதுகு புண்ணாயிடும். ரெண்டு வருஷத்துல ஒரு புண்ணு கிடையாது! சட்டையக் கழட்டிக் காட்டவா? நான் எழுபத்தெட்டு கிலோ. அவ நாப்பத்தொம்பது. எப்படிப் பொரட்டுறான்னு எனக்கே இன்னும் புரியல. பல்லு வெளக்கி விடுறா, பெம்பஸ் மாத்துறா, தொடச்சு விடுறா, ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. மீன்ல முள்ளு எடுத்து ஊட்டுறா. நடுவுல மாவு அரைக்கிறா. மூக்கு அரிச்சாக்கூட அவதான் சொறிஞ்சு விடணும். நான் கத்துவேன், திட்டுவேன், ஒரு நாள் தட்டத் தட்டி விட்டேன், அதையும் அவதான் கூட்டி அள்ளுனா. இது ஒங்களுக்குச் சும்மாவா?"

"மெதுவாண்ணே, கை வலிக்குது," என்றாள் இஃபத். பேனா ஓடிக்கொண்டே இருந்தது. "அப்ப சோறு நீங்களாவே..."

"எங்கலா முடியும்! வெரலே மடங்காது, கரண்டிய எதால புடிக்கிறது?"

"பொரண்டு படுக்க?"

"முடியாது!"

"குளிக்க? கக்கூசு?"

"முடியாது, முடியாது! எல்லாத்துக்கும் முடியாதுன்னே போடுங்க. அவ சும்மா இருக்கான்னு மட்டும் போடாதீங்க!"

ஜன்னலில் ஷம்சாத் அக்கா முக்காட்டு முனையில் மூக்கைச் சிந்தினார், வேலி வரைக்கும் கேட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன.

அவர் கத்திய கத்தலில் சாரத்து முடிச்சு அவிழ்ந்தது. மெல்லச் சரிய ஆரம்பித்தார். இஃபத் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பாய்ந்து பிடித்தோம். அழகு அண்ணன் காலைத் தூக்கினார். கட்டிலில் போட்டு நான் ஒரே தள்ளில் ஒருக்களித்து விட்டதை அந்தப் பிள்ளை கண் எடுக்காமல் பார்த்தது.

"முடிச்சு நான்தான் போட்டேன், பூவான்," என்றார் அழகு அண்ணன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. "தப்பு என்னோடது. அவங்க மேல எழுதாதீங்க."

"முடிச்சுக்கு இதுல கட்டம் இல்லண்ணே," என்றாள் இஃபத்.

போகும்போது, முடிவு ஆபீசிலிருந்துதான் வரும், தன்னால் உறுதி சொல்ல முடியாது என்று சொன்னாள். நான் சரி என்றேன். கார் வரைக்கும் போனவள் பின்னாலேயே ஓடினேன்.

"அந்தப் பக்கத்துக்கு ஒரு காப்பி கிடைக்குமாம்மா? அவர் சொன்னாரே, அந்தப் பக்கம்."

"ஃபைல்ல இருக்கறதக் கொடுக்கக் கூடாதுக்கா. மனுவுக்கும் அது ஒங்களுக்குத் தேவையில்லையே. எதுக்கு?"

"ரெண்டு வருஷத்துல எங்கிட்ட அவர் ஒரு வார்த்தகூட இப்படிச் சொன்னதில்லம்மா."

இஃபத் என்னைப் பார்த்தாள். பிறகு காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, ஃபைலைப் பார்த்துப் பார்த்து முதலிலிருந்து எழுதினாள். நான் வெயிலில் நின்றேன். நாலரை மணி, பன்னெண்டு மணி, எழுபத்தெட்டு கிலோ, முள், மூக்கு, எல்லாவற்றையும் எழுதினாள். ஒரு வரிகூட விடவில்லை.

பணம் மூன்றாவது மாதம் பாஸ் ஆனது. இப்போது காலையில் நாலு மணி நேரம் கேன்டீனில் இருக்கிறேன். ஷம்சாத் அக்கா கடைப் பையன் ஒருவனின் மனைவி வந்து இவரைப் பார்த்துக்கொள்கிறாள். அவளிடமும் சோறு தானாகச் சாப்பிட முடியும் என்றுதான் முதல் நாள் சொல்லியிருக்கிறார். இஃபத் எழுதிக் கொடுத்த தாள் என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியாது. காட்டினால் நாலு வரியையாவது அடித்துவிடச் சொல்வார்.